தண்ணீர் தெளித்த மல்லாட்டை

தாய்மாமன் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். என் தாய்மாமன் பாவம், அவரைச் சொல்லவில்லை. என் முதலாளியின் மகளுக்கு ஒரு தாய்மாமன் இருந்தார், அவரைச் சொல்கிறேன்.

விவசாயத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் ஒரு பண்ணைக்கு மேனேஜராகச் சேர்ந்தேன். விருத்தாசலத்தில் தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் முளைத்திருந்த காலம். முதலாளி சென்னையில் டாக்டர். எப்போதாவது காரில் வருவார், வரப்பில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார், இளநீர் குடிப்பார், போய்விடுவார். விதை, உரம், கூலி ஆள், மோட்டார் ரிப்பேர் எல்லாம் என் தலையில். விற்பது மட்டும் அந்தத் தாய்மாமன் கையில், அதாவது முதலாளியின் மச்சான் கையில். அவர் பெண்ணாடத்துக்காரர். அறுவடைக்குப் புல்லட்டில் வந்து இறங்குவார். அவருக்குத் தெரிந்த ஒரே மண்டிக்குச் சரக்கு போகும், மண்டிக்காரர் வாயில் வந்ததுதான் விலை. நான் வளர்த்த பிள்ளைக்கு எவனோ வந்து மாப்பிள்ளை பேசி முடிப்பதைப் போல ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும்.

அந்த எரிச்சலில்தான் படிக்கப் போனேன். செராமிக் எஸ்டேட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. கீபோர்டு முழுக்க வெள்ளைக் களிமண் தூசி. விளைபொருளை விற்பது எப்படி என்று ஏதோ ஒரு வெளிநாட்டுக் கல்லூரி இலவசமாகப் பாடம் நடத்தியது. தொப்பி வைத்த ஒருவர், மாடி வீட்டை விட உயரமான இரும்புக் குதிருக்கு முன்னால் நின்றுகொண்டு, விலை ஏறும்வரை மக்காச்சோளத்தை உள்ளே வைத்திருங்கள் என்பார். எனக்கு இருந்தது ஓட்டைத் தார்ப்பாய் ஒன்று. அவர் முக்கியமான இடத்துக்கு வரும்போது கரண்டு போகும். பக்கத்துச் சீட்டில் சினிமாப் படம் பார்க்கிறவன் என்னை ஒரு மாதிரி பார்ப்பான். பல்லைக் கடித்துக்கொண்டு அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன்.

அந்தத் தொப்பிக்காரர் சொன்ன ஒரு விஷயம் மட்டும் உருப்படியாக மண்டையில் ஏறியது. உன் சரக்கைக் கடைசியில் தின்பவன் யார், அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் பார். எங்கள் பண்ணையில் முக்கால்வாசி மல்லாட்டைதான், நிலக்கடலையைச் சொல்கிறேன்; கடலை மிட்டாய் செய்கிறவர்களுக்கெல்லாம் மெயில் போட்டேன். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் பதில் எழுதினார். நல்ல விலை சொன்னார். ஒரே நிபந்தனை: காயைத் தண்ணீர் படாமல் உடைக்க வேண்டும், ஈரம் பட்ட பருப்பு பூசணம் பிடிக்கும்.

எங்கள் பக்கம் தண்ணீர் தெளிக்காமல் மல்லாட்டை உடைப்பதே கிடையாது. நனைத்தால் ஓடு இளகும், பருப்பு பிளக்காது, எடையும் நிற்கும். அதுதான் வழக்கம், யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

முதலாளிக்குப் போன் செய்தேன். "இந்த ஒரு வெள்ளாமைய நீ வித்துக் காட்டும்மா. நல்லபடியா முடிஞ்சா இனிமே விக்கறதும் உன் பொறுப்புதான்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காக எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

மச்சானிடமும் போய்ச் சொன்னேன். "காய்ஞ்ச மல்லாட்டைய அப்பிடியே ஒடைச்சா பாதி பருப்பு பொளந்துடும்மா. உன் கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியுமா?" என்றார்.

"பொளந்தா பொளந்துட்டுப் போவுதுங்கண்ணே. தண்ணி மட்டும் படக்கூடாதுங்க."

"செரி, செரி" என்று மீசையைத் தடவினார். அந்தச் 'செரி'யை நான் நம்பினேன்.

உடைக்கிற மிஷினை வாடகைக்கு எடுத்து வேலை தொடங்கினோம். கோயம்புத்தூருக்கு மெயில் போட்டுவிட்டு வரலாம் என்று நான் டவுனுக்குப் போன அன்று மச்சான் பண்ணைக்கு வந்திருக்கிறார். கொஞ்சம் பருப்பு பிளந்திருப்பதைப் பார்த்து மனசு தாங்காமல், மீதிக் காயின்மேல் ஓஸ் பைப்பைத் திருப்பிவிட்டிருக்கிறார். நான் திரும்பியபோது எல்லாம் மூட்டையாகித் தைத்திருந்தது, உள்ளே ஈரம் இருப்பது எனக்குத் தெரியவில்லை. லாரி வர இரண்டு மூன்று நாளாயிற்று. கோயம்புத்தூரில் மூட்டையைப் பிரித்த கையோடு போன் வந்தது: "பூசண வாடை அடிக்குது மேடம். லோடைத் திருப்பி அனுப்பறோம்."

வேலை செய்த பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அவரு சொல்லும்போது நாங்க என்னாம்மா பண்றது? உங்ககிட்ட கேட்டுக்கிட்டுதான் ஊத்தறாருன்னு நெனச்சோம்" என்றார்கள். அவர்கள் மேல் என்ன குற்றம்?

அவரோ ஒளிக்கவே இல்லை. "ஆமா, நான்தான் தெளிச்சேன். பருப்பு வீணாப் போவுதேன்னு ஒரு நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றார். திரும்பி வந்த லோடை எண்ணெய் மில்லுக்குத் தள்ளிவிட்டு வந்து, "பாத்தியா, ஒண்ணும் கெடல" என்று சிரித்தார். பூசணத்தை ஊரே தாளித்துத் தின்னப் போகிறது, இவருக்கு ஒன்றும் கெடவில்லை! அந்தச் சிரிப்புக்கு ஒரு அறை விட்டிருக்கலாம் என்று இன்றும் கை துறுதுறுக்கிறது.

முதலாளி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்குப் புரியுதும்மா. ஆனா பொண்ணு கல்யாணம் வருது. தாய்மாமன் மனசு கோணினா மாலை எடுத்துக் குடுக்க வரமாட்டேன்னு நின்னுடுவாரு. தப்பு உன்மேலன்னே இருக்கட்டும். விக்கறத அவரே பாக்கட்டும், நீ வெளச்சல மட்டும் பாத்துக்க."

அவர் வீட்டு மாலைக்கு என் கழுத்தா கிடைத்தது?

கோயம்புத்தூர்க்காரருக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுதினேன். நான் தடுத்தேன், மீறிச் செய்துவிட்டார்கள், இன்னொரு தடவை வாய்ப்புக் கொடுங்கள் என்று கெஞ்சியும் எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. 'நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் உங்கள் பண்ணையில் உங்கள் பேச்சு எடுபடவில்லை என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எடுபடும்போது எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.'

முகம் தெரியாத அந்த மனிதர்மேல்தான் எனக்கு எல்லாரையும் விட அதிகம் ஆத்திரம் வந்தது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

மறுநாள் காலையில் குடோன் சாவியையும் மோட்டார் கொட்டகைச் சாவியையும் கொண்டுபோய் மச்சான் கையில் கொடுத்தேன்.

"என்னாம்மா இது, கோவமா?" என்றார்.

"ஆமாங்கண்ணே, கோவந்தான்" என்றேன். "வெளச்சலையும் நீங்களே பாத்துக்குங்க."