என் தொண்டையில் அப்பா

இதயம் தாறுமாறாகத் துடித்ததற்காக அமியோடரோன் மாத்திரை சாப்பிடத் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒத்தக்கடையில் சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, நான் ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்வைக்குள் இருந்தேன். முகம் ஊதிப்போயிருந்தது. வகுப்பில் பாடம் நடத்தும்போது பாதியில் வார்த்தை நின்றுவிடும். ஐம்பத்தாறு வயதில் இதெல்லாம் வரும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திருவாதவூரில் விவசாயம் பார்க்கும் என் தம்பி போன் செய்தான்.

"சொல்லுய்யா" என்றேன்.

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக, "அப்பா?" என்றான்.

அப்பா இறந்து ஆறு வருடம்.

"நான்தான்டா, அக்கா." அதைச் சொன்னபோதுதான் எனக்கும் கேட்டது. அடித்தொண்டையிலிருந்து கரகரத்து, இழுத்து இழுத்து வந்தது அப்பாவின் குரல். போனை வைத்த பிறகு, யாரும் இல்லாத வீட்டில் வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

மறுநாள் தம்பி வந்தான். சுவரைப் பார்த்தபடியே பேசினான்.

"மேலூர் பக்கம் ஒருத்தர் குறி சொல்றாராம். போயிட்டு வருவமா?"

"மொதல்ல டாக்டர்ட்ட போவோம்."

டாக்டரம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் சொன்னார்: "உங்க இதய மாத்திரையில அயோடின் ஜாஸ்தி. அது தைராய்டை மந்தமாக்கிருச்சு. குளிரு, வீக்கம், குரல் எல்லாம் அதாலதான். இதய மாத்திரைய நீங்களா நிறுத்திராதீங்க. காலையில வெறும் வயித்துல தைராக்சின் மாத்திரை போடுங்க. குரல் சரியாக ரெண்டு மூணு மாசம் ஆகும்."

"அம்புட்டு நாள் இருக்குமா?" என்றான் தம்பி. கவலையில் கேட்கிறான் என்று நினைத்தேன்.

அதன்பிறகு தினமும் போன் செய்தான். என்னைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பான். ஒருநாள், "தப்பா நெனைக்காதக்கா. சாப்பிட்டியாய்யான்னு ஒரு வாட்டி கேளு" என்றான். ஏதோ வரப்புத் தகராறில், கடைசி ஒரு வருடம் அவனோடு பேசாமலே போய்ச் சேர்ந்தவர் அப்பா.

கேட்டேன்.

"சாப்பிட்டேம்ப்பா" என்றான். உடனே போனை வைத்துவிட்டான்.

தைராக்சின் அளவை இரண்டு முறை கூட்டினார்கள். ஆவணியில் வீக்கம் வடிந்தது, என் குரலும் திரும்பியது. தம்பி இப்போது வாரம் ஒருமுறைதான் கூப்பிடுகிறான். போன மாதம் ஒரு காலையில், அப்பாவின் குரலைக் கொண்டுபோன தைராக்சினை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தண்ணீர் எடுத்துவந்து விழுங்கினேன்.