எண்ணெய் ஊற்றாத மீன் குழம்பு

நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது. ரேஷன் கடையில் யாராவது எனக்கு முன்னால் புகுந்தாலும் சும்மா நிற்கிறவள் நான். அப்படிப்பட்டவளின் பெயரை என் மருமகள் சமையல் போட்டிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பட்டினப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்புக்கு நடுவே ஒரு சமுதாயக் கூடம் உண்டு. அங்கே மருத்துவ முகாம் போட்டவர்கள் கூடவே ஒரு போட்டியும் வைத்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த தாளை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். சொட்டு எண்ணெய் ஊற்றாமல் சமைத்துக் கொண்டுவர வேண்டுமாம்.

எனக்கு அதில் கொஞ்சம் பழக்கம் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் அடைப்பு வந்தபோது எண்ணெயைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். பயத்தில் நாங்கள் குறைக்கவில்லை, ஒரேயடியாக நிறுத்திவிட்டோம். எண்ணெயோடு வேர்க்கடலை, எள்ளு, தேங்காய், மீன் எல்லாம் போச்சு. மூன்று வேளையும் இட்லி, ரசம் சோறு, நடுவில் டீயும் பொறை ரொட்டியும். மனுஷனுக்குத் தோல் வற்றி, குதிகால் வெடித்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் மறுபடி பசி. அடுத்த தடவை போனபோது டாக்டர் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "கொறைங்கன்னா பட்டினி போடுவீங்களாம்மா? மீன் குடுங்க, கடலை ஒரு கைப்பிடி குடுங்க. அந்தக் கொழுப்பு அவருக்கு வேணும்."

அன்றிலிருந்து நொச்சிக்குப்பம் ரோட்டோரத்தில் மத்தி மீன் வாங்கிவந்து வாரத்துக்கு மூன்று நாள் குழம்பு வைக்கிறேன். தாளிப்பது கிடையாது. வெங்காயம், தக்காளி, புளி, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையால் பிசைந்து அடுப்பில் ஏற்றி, கொதித்ததும் மீனைப் போட்டால் முடிந்தது. அவர் இப்போது காலையில் தனியாகக் கடற்கரை வரை நடந்துவிட்டு வருகிறார். அந்தக் குழம்பைத்தான் போட்டிக்கும் கொண்டுபோனேன்.

கூடத்தில் கேரட் புட்டு, ஆவியில் வைத்த கொழுக்கட்டை, முளைகட்டிய பயறு என்று வரிசையாக இருந்தன. மார்க் போட வந்தது ஒரு சின்னப் பெண், சாப்பாட்டு முறை சொல்லித் தருகிற டயட்டீஷியன். என் சட்டியைத் திறந்ததும் அவள் முகம் மாறியது. குழம்பின் மேலே செக்கச்செவேலென்று எண்ணெய் மிதந்தது. அது மத்தி கொழுத்திருக்கிற சமயம். வீட்டில் எப்போதும் பார்க்கிறதுதான், எனக்கு வித்தியாசமாகவே தோன்றவில்லை.

கேரட் புட்டு கொண்டுவந்த எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா இது, எண்ண கொளம் மாதிரி நிக்கிது. போட்டி இன்னான்னு தெர்ஞ்சிக்கினுதான் வந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். "ஆயா மறந்துக்கினு ஊத்திருக்கும், வுடு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அம்மா, எண்ணெய் சேர்த்திருந்தா சொல்லிடுங்க, பரவால்ல," என்றாள் அந்தப் பெண். அவள் தன்மையாகக் கேட்டதுதான் எனக்கு இன்னும் வலித்தது. நான் குனிந்து சட்டியின் விளிம்பைத் துடைத்தேன். அவள் தாளில் என் பெயருக்கு நேராகப் பேனாவைக் கொண்டுபோனாள். பேசாமல் வந்துவிட்டால் நாளைக்குத் தண்ணீர் லாரிக்கு முன்னால் நான் குடத்தோடு நிற்கும்போது என்னைத் திருட்டுத்தனம் பண்ணினவள் என்பார்கள். கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர் கோபமாக எழுந்தார். அவர் கத்தினால் நெஞ்சுக்கு ஆகாதே என்று கையைக் காட்டி உட்கார வைத்தேன். அந்தப் பதற்றத்தில் என் குரல் வெளியே வந்துவிட்டது.

"அது மீனோட எண்ணெங்க. நான் ஊத்தல."

"மீனு இன்னா செக்கா, எண்ண ஆட்டிக் குடுக்க?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. மறுபடி சிரிப்பு.

"காட்டுறேன்," என்றேன்.

மருமகள் மாடியிலிருக்கிற எங்கள் வீட்டுக்கு ஓடிப்போய், அவருக்கென்று கழுவி வைத்திருந்த மீனையும் தோசைக்கல்லையும் எடுத்துவந்தாள். "அந்தக் கல்லு வேணாம், எண்ண ஊறிப்போன கல்லு," என்றாள் எதிர்வீட்டுக்காரி. அவள் சொன்னதும் நியாயம்தான். முகாமுக்கு டீ போட வைத்திருந்த அலுமினியச் சட்டியைக் கேட்டு வாங்கினேன். அவளையே தேய்த்துக் கழுவச் சொன்னேன். துடைத்துவிட்டு, உள்ளே விரலை ஓட்டிப் பார்த்து, "காஞ்சிதான் கீது," என்றாள்.

அதை டீ அடுப்பில் ஏற்றி நாலு மீனை வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. தோல் சட்டியில் ஒட்டிக்கொண்டு, கருகுகிற வாடை வந்தது. இன்றைக்குப் பார்த்து மெலிந்த மீன் அகப்பட்டதா என்று குனிந்து பார்த்தேன். அப்புறம் முதல் மீனின் வயிற்றோரம் பளபளவென்று ஒரு கோடு இறங்கியது. பிறகு அடுத்ததில். சட்டி சடசடக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் நாலு மீனும் தங்கள் எண்ணெயிலேயே பொரிந்தன. சட்டியைச் சாய்த்துப் பிடித்தேன். ஒரு ஓரமாக எண்ணெய் ஓடிவந்து தேங்கியது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்க முன்னால் வந்தார்கள்.

அந்தப் பெண் தன் செல்போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டாள். எல்லோர் பக்கமும் திரும்பி, "இதைச் சொல்லத்தான் நான் வந்ததே," என்றாள். "ஊத்துற எண்ணெயக் குறைங்க. ஆனா மீன்ல, கடலைல, எள்ளுல இருக்குற நல்ல கொழுப்ப வுட்டுடாதீங்க. அது உடம்புக்கு வேணும். இந்தம்மா வச்சதுதான் சரியான சமையல்." என் பெயருக்கு நேராக முதல் பரிசு என்று எழுதினாள்.

பரிசு கொடுக்கக் கூப்பிடுவதற்குள் சட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரி கூட்டத்துக்குள் கையை நீட்டி ஒரு மீனைப் பிய்த்து, விரல் சுட, ஊதி ஊதித் தின்றாள். முள்ளைக்கூடத் துப்பவில்லை. மறுபடி கை நீண்டது.

"யக்கா, இன்னும் ஒண்ணு குடேன்."

"பின்னால போய் நில்லு," என்றேன், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "எல்லாரும் வரிசைல வாங்க."

அவள் போய் நின்றாள்.