ஊதச் சொன்ன குரல்

அன்று வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தைக்குப் போகிற கூட்டம் வண்டியை அடைத்துக்கொண்டிருந்தது. இரும்புலியூரில் ஏறிய ஓர் அம்மா காசை நீட்டிக்கொண்டே, "ஊது மேடம் ராத்திரி தவறிட்டாங்க சார். ஹார்ட் அட்டாக்காம்" என்றார். "பல்லாவரமா?" என்று கேட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனேன். தாம்பரத்தில் பாதிக் கூட்டம் இறங்கிய பிறகுதான் அவர் சொன்னது எனக்குள் போய்ச் சேர்ந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். டிரைவர் தாஸ் கண்ணாடியில் பார்த்து, "இன்னா மச்சான், நின்னுகினே கீறே? ரைட் குடு" என்று சத்தம் போட்டான். விசிலை வாயில் வைத்தேன். ஊத முடியவில்லை.

தனலட்சுமி என்பது மேடத்தின் பெயர். சேலையூர் கேம்ப் ரோட்டுப் பக்கம் ஒரு நெஞ்சு மருத்துவமனையில், மூச்சைப் பரிசோதிக்கும் அறையில் வேலை பார்த்தார். தனலட்சுமி என்றால் யாருக்கும் தெரியாது, ஊது மேடம் என்றால்தான் தெரியும். புகையும் தூசியும் தின்கிற நம் டெப்போக்காரர்கள் பாதிப் பேர் மூக்கில் கிளிப் மாட்டிக்கொண்டு அவர் முன் உட்கார்ந்தவர்கள்தான். நம் டெப்போ மலரில் இதைப் படித்துவிட்டு யாரும் தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம்.

மேம்பால வேலைக்காக ஜி.எஸ்.டி. ரோட்டைக் கொத்திப் போட்டிருந்த காலத்தில் எனக்கு வீசிங் ஆரம்பித்தது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற சத்தம். படியில் தொங்குகிறவனைத் திட்டக்கூட மூச்சு போதவில்லை. திட்டாத கண்டக்டரை எவன் மதிப்பான்? டெப்போ மேனேஜர் கூப்பிட்டு, "ரிப்போர்ட் எடுத்துட்டு வாய்யா. சரியில்லேன்னா வண்டியை விட்டுடு, உள்ளே டேபிள் வேலை தரேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நாளெல்லாம் நாலு பேர் முகத்தைப் பார்க்காமல், சில்லறைக்குச் சண்டை போடாமல், ஒரு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து நான் என்ன செய்வேன்? வண்டியை விட்டு இறங்கினால் நான் செத்தேன் என்றுதான் தோன்றியது.

அந்தப் பயத்தோடு போய் உட்கார்ந்தவனிடம் மேடம் ஓர் அட்டைக் குழாயைக் கொடுத்து வாயில் கவ்வச் சொன்னார். "நல்லா இழுங்க... இப்ப ஊது! ஊது, ஊது, ஊது! விடாதே! இன்னும், இன்னும், இன்னும்!" சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே காத்திருந்தவர்கள் சிரிப்பது கேட்டது. ஒல்லியான உடம்பு, மூக்குக் கண்ணாடி, அந்தத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம்! எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இன்னா மேடம், மாட்டை ஓட்ற மாதிரி ஓட்றீங்க?"

"மாடு சொன்னா கேக்கும் சார். நீங்க பாதியிலேயே நிறுத்திட்டீங்க. இன்னொரு தடவை."

"காத்தே உள்ள போவ மாட்டேங்குது. எங்கிருந்து ஊதறது?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "உள்ளே போறதுக்கு இடம் எங்கே இருக்கு? நுரையீரலுக்குச் சொந்தமா தசை கிடையாது. அதுக்குக் கீழே உதரவிதானம்னு ஒரு தசை, நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற படுதா. அது இறங்கினா நெஞ்சு விரியும், காத்து தானா உள்ளே வரும். அது தளர்ந்து மேலே ஏறினா காத்து வெளியே போயிடும். உங்களுக்குச் சின்னச் சின்னக் குழாயெல்லாம் வீங்கிச் சுருங்கியிருக்கு. உள்ளே போனது வெளியே வர வழியில்லாம மாட்டிக்குது. ஸ்டாப்புல தினமும் என்ன சொல்லிக் கத்துறீங்க?"

"இறங்கறவங்களை வுடுங்க, அப்பால ஏறுங்க..." என்று இழுத்தேன்.

"அவ்வளவுதான் உங்க ஆஸ்துமா. பழைய காத்து இறங்கட்டும். புதுசு தானா ஏறும்."

அன்றைய ரிப்போர்ட் மோசம். ஆனால் மருந்தை உறிஞ்சவைத்து, சற்று நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னபோது அளவு நன்றாகவே கூடியிருந்தது. மருந்துக்குக் குழாய் விரிகிறது, இது நல்ல சகுனம் என்றார் டாக்டர். இன்ஹேலரை எழுதிக் கொடுத்தார். டெப்போவில் அதைப் பார்த்ததும் ஆளாளுக்குப் பேச்சு. "அது கடைசி ஸ்டேஜ்ல குடுக்கிறது." "பழகிட்டா விடாது." தாஸ் மட்டும், "அதெல்லாம் விட்டுத் தள்ளு. அந்தம்மா கைல சொல்லி அடுத்த ரிப்போர்ட்ல அளவைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லு மச்சான்" என்றான். இதை நான் மேடத்திடமே சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நான் கூட்டிப் போட்டா பேப்பர்தான் மூச்சு விடும். நீங்க ஊதுங்க சார், அது தானா ஏறும்" என்றார்.

மாதம் ஒன்று போயிற்று. பூனைக்குட்டி போகவில்லை. மருந்து தண்டம் என்று அவரிடம் போய்க் கத்தினேன். "எப்படி எடுக்கிறீங்க, காட்டுங்க" என்றார். வாயைத் திறந்து புஸ்ஸென்று அடித்து, வாயை மூடி, மடக்கென்று விழுங்கிக் காட்டினேன். மேடம் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஆஸ்துமா உங்க வயித்துக்கா சார் வந்திருக்கு?" பிறகு என் கையைப் பிடித்துச் சரிசெய்தார்: முதலில் மூச்சை வெளியே விட வேண்டும், அப்புறம் அழுத்திக்கொண்டே மெதுவாக இழுக்க வேண்டும், பத்து எண்ணுகிற வரைக்கும் பிடித்து வைக்க வேண்டும். எடுத்து முடித்ததும் வாயைக் கொப்பளிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் என்னை விடவே இல்லை. சாயங்காலம் கேம்ப் ரோட்டிலிருந்து தாம்பரம் வந்து, என் வண்டியில்தான் இரும்புலியூருக்குப் போவார். பெண்கள் சீட்டிலிருந்து வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி, "கண்டக்டர் சார், காலையில மருந்து எடுத்தீங்களா?" என்பார். மானம் போயிற்று. கொஞ்ச நாளில் மீன் கூடைக்கார அம்மாகூட, "இன்னா கண்டக்டரு, மருந்து இஸ்தியா?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட்டே வாங்கியது. ஒரு வண்டி சனமே நம் நெஞ்சைக் கவனித்துக்கொள்கிறது என்றால், சொல்லக் கூச்சமாக இருந்தாலும், அது சுகம்தான்.

இரண்டாவது ரிப்போர்ட் எடுக்கிற நாள் வந்தது. முதல் ரிப்போர்ட்டைப் பார்த்த மேனேஜர், இது வரட்டும் என்றுதான் என்னை வண்டியில் விட்டுவைத்திருந்தார். குழாயைக் கவ்வினேன். மேடம் ஆரம்பித்தார். இனி ஒன்றுமில்லை, நெஞ்சு வற்றிவிட்டது என்று நான் கண்ணை மூடியபோது என் காதுக்குள் வந்து, "இருக்கு! இன்னும் இருக்கு! நின்னுடலாம்னு தோணுற இடத்துக்கு அப்புறமும் காத்து இருக்கு!" என்று கத்தினார். கத்திக் கத்தி அவர் குரல் கீச்சென்று உடைந்தது. உண்மையாகவே இருந்தது. ஊதினேன்.

திரையைப் பார்த்துவிட்டு அந்த உடைந்த குரலில் சொன்னார்: "முழுசா சரியாகலை சார். பொய் சொல்ல மாட்டேன். ஆனா வண்டிக்குப் போதும்." மேனேஜரும் அதையேதான் சொன்னார். அன்று நான் அழுதேன். தாஸ் என்னைக் கேலி செய்தான். அவன் கண்ணும் சரியில்லை.

தகவல் வந்த அன்று ஷிப்ட் முடிந்து நானும் தாஸும் இரும்புலியூருக்குப் போனோம். தெருவெல்லாம் ஆட்கள். லாரி டிரைவர்கள், கல் உடைக்கிறவர்கள், ஒரு நாதஸ்வரக்காரர், காலேஜ் பெண்கள். மேடத்தின் மகள் திகைத்துப்போய், "நீங்கல்லாம் யாரு சார்?" என்றாள். எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவர் சொன்னார்: "நாங்க ஊதினவங்கம்மா."

மேடத்தின் குரலைப் பற்றி யாரோ பேச்செடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "அம்மாவா? அம்மா வீட்டுல கத்தவே மாட்டாங்க சார். சாப்பிடக் கூப்பிட்டாக்கூட பக்கத்து ரூமுக்குக் கேக்காது." நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவு சத்தத்தையும் அவர் எங்களுக்கென்றே வைத்திருந்திருக்கிறார்.

அவர் நினைவாக என்னிடம் படமோ பொருளோ எதுவும் கிடையாது. என் வேலை இருக்கிறது. அது அவர் கொடுத்தது. நாளைக்கு எனக்குக் காலை ஷிப்ட். வண்டியில்தான்.