ஒரு முறை அடித்தால் நிறுத்து

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இது நடந்தது எனக்கு. ராத்திரிகூட இல்லை, பட்டப்பகல். இரண்டு விலா எலும்புகள் உடைந்த எக்ஸ்ரே இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

குதிரையேற்றப் பள்ளி ஒன்றில் குதிரைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்று மதியம் எங்கள் சாம்பல் நிறப் பெண் குதிரைக்குக் கடுமையான வயிற்றுவலி. அதன் நடைக்காகச் சீமாட்டி என்று கூப்பிடுவோம். "குடல் முறுக்கிக்கிட்டிருக்கு. ஆபரேஷன்தான். வழியில படுத்து உருண்டா அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டார் மருத்துவர். ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரப் பயணம். குட்டியிலிருந்து அவளை வளர்த்தவன் நான்.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், வண்டியைக் கொண்டுவந்தார். பின்னால், நடுவில் தடுப்பு வைத்து இரண்டு குதிரைகள் நிற்கும் டிரெய்லர். யாரிடமோ பழசாக வாங்கியது. எங்களிடம் வந்தபின் அதற்கு அதுதான் முதல் பயணம்.

டயரில் காற்று, தரைப்பலகை, இணைப்புக் கொக்கி எல்லாம் பார்த்தேன். அவள் நான்கு கால்களிலும் பஞ்சு வைத்துச் சுற்றினேன். ஒற்றைக் குதிரையென்றால் ஓட்டுநர் பக்கம்தான் நிறுத்த வேண்டும்; சாலையின் ஓரம் சரிவாக இருக்கும். அப்படியே நிறுத்தினேன். அவள் பின்னால் நகராமல் தடுக்கும் பின்கம்பியைப் போட்ட பிறகே தலைக்கயிற்றைக் கட்டினேன். நடுத்தடுப்புக்கு அந்தப் பக்கம் காலி.

ஓடும் டிரெய்லருக்குள் ஆள் ஏறக்கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்பவன் நான்தான். ஆனால் சீமாட்டியின் முன்கால்கள் மடங்கிக்கொண்டே இருந்தன. ஆபத்துக்குப் பாவமில்லை என்று ஏறிவிட்டேன்.

"வேணாம் மாப்ள. ஏதாவது ஆனா என் தங்கச்சி என்னைத்தான் கேப்பா."

"படுத்துட்டா செத்துடுவா மச்சான். கதவைச் சாத்துங்க."

உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெல் பொத்தான்கள் உண்டு. அழுத்தினால் ஓட்டுநர் காதருகே ஒலிக்கும். மச்சான் முன்பு பஸ் ஓட்டியவர். கண்டக்டர் விசில் கணக்கையே வைத்துக்கொண்டோம். ஒன்று என்றால் நிறுத்து. இரண்டு என்றால் போ.

2.10. வெளியிலிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. என் செல்போன் வண்டியின் முன்பக்கம் சார்ஜில் கிடப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

2.35. சீமாட்டி காலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வலியையே மறந்துவிட்டாள். இரண்டு காதுகளும் அங்கேயே நின்றன. நானும் எட்டிப் பார்த்தேன். ரப்பர் விரிப்பு, சுவர். வேறொன்றும் இல்லை.

2.50. தொம்...

ஒரு குதிரை கால் மாற்றி நிற்கும் சத்தம். பதினைந்து வருடமாகக் கேட்கிற சத்தம் எனக்குத் தப்பாது. ஆனால் சீமாட்டி நான்கு கால்களையும் ஊன்றி, ஆடாமல் அசையாமல் நின்றிருந்தாள்.

3.05. நடுத்தடுப்பு எங்கள் பக்கமாக வளைந்தது. வண்டி நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் தடுப்பு அவளை நெருக்கியது. அவள் என்னை நெருக்கினாள். அவள் தோளுக்கும் சுவருக்கும் நடுவில் நான். கடிகாரம் கட்டிய இடதுகை மட்டும் வெளியே இருந்தது.

பெல் பொத்தானை அழுத்தினேன். ஒரே ஒரு முறை.

டிக்.

காலிப் பக்கத்திலிருந்து...

டிக்.

வண்டி நிற்கவில்லை. வேகம் கூடியது.

3.12. மறுபடி அடித்தேன். டிக்... டிக். இன்னும் வேகம்.

கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. விலாவில் ஏதோ முறிந்தது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

3.30. என் பிடரியில் சூடாக ஒரு மூச்சு...

சீமாட்டியின் முகம் எனக்கு முன்னால் இருந்தது.

நான் திரும்பவில்லை.

அடித்தேன். டிக்... டிக்.

அடித்தேன்.

டிக்...

டிக்.

3.58. வண்டி நின்றது. பின்கதவு திறந்தது. நடுத்தடுப்பு நேராக இருந்தது. சீமாட்டி படுக்கவே இல்லை. படுக்க அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

மச்சான் வியர்வையைத் துடைத்தார். "ஏன் மாப்ள இப்படி விரட்டின? வழி பூரா ரெண்டு ரெண்டா அடிச்சுக்கிட்டே இருந்தியே."

"நான் ஒவ்வொரு தடவையும் ஒண்ணுதான் மச்சான் அடிச்சேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் டிரெய்லரின் காலிப் பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

சீமாட்டி பிழைத்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தைக்கூட என்னால் முழுசாக அனுபவிக்க முடியவில்லை. பத்து நாள் கழித்து, டிரெய்லரை விற்றவருக்குப் போன் செய்தேன். வெகுநேரம் மழுப்பினார். பிறகு சொன்னார்.

இரண்டு வருடம் முன்பு அவருடைய வேலையாள் ஒருவர், என்னைப் போலவே, ஒற்றைக் குதிரையோடு உள்ளே ஏறியிருக்கிறார். வழியில் குதிரை அவர்மேல் சாய்ந்துவிட்டது. மூன்று மணி நேரப் பயணம். திறந்து பார்த்தபோது உயிர் இல்லை.

"அவர் பெல் அடிக்கலையா?"

"அதான் சார் புரியல. கிளம்பின அரை மணி நேரத்துலயே உயிர் போயிடுச்சுன்னு போஸ்ட்மார்ட்டத்துல எழுதியிருக்காங்க. வண்டி ஓட்டினது நான். ஊர் வந்து சேர்ற வரைக்கும் எனக்கு ரெண்டு ரெண்டா பெல் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு."