வலது கால் பூட்ஸ்

பூங்குழலிக்கும் எனக்கும் ஆகாது. அவள் நம்பர் போனில் வந்தாலே எனக்கு வயிறு எரியும். சென்னையில் எங்கள் ஆபீஸிலிருந்து ஊர் ஊராய்ப் போகிறவர்களுக்கு ரூம் போட்டுக் கொடுப்பது என் வேலை. நான் போட்ட ரூமைப் பற்றி அவள் ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக வரலாறு இல்லை. வெந்நீர் வந்தால் தாழ்ப்பாள் சரியில்லை என்பாள். தாழ்ப்பாள் சரியாக இருந்தால் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனின் பார்வை சரியில்லை என்பாள். "நீங்க ஒரு நாள் வந்து படுத்துப் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிடுவாள்.

இருந்தாலும் அவளைப் பற்றி எழுதுகிறேன். ஆபீஸில் ஆளாளுக்கு ஒரு கதை கட்டி விட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அவள் குடியாத்தத்துக்காரி. அப்பா கைலி நெய்தவர். பிள்ளைகளுக்கு மதியழகன், பூங்குழலி என்று பேர் வைத்ததோடு அவருடைய தமிழ்ப்பற்று தீர்ந்துபோனது. பெண் ஷூ தயாரிப்பில் டிப்ளமா படித்தாள், ஆம்பூரில் ஒரு பேக்டரியில் லைனில் நின்று வேலை கற்றாள், பிறகு எங்களிடம் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தாள். வேலை இதுதான். வெளிநாட்டுக் கடைக்காரன் கேட்ட ஷூ தயாராகிப் பெட்டி கட்டியதும், அந்தக் கடைக்காரன் சார்பில் இவள் போய்ச் சில பெட்டிகளைப் பிரித்துப் பார்ப்பாள். இவள் கையெழுத்துப் போட்டால் லாரி நகரும். போடாவிட்டால் லாரி அங்கேயே நிற்கும், டிரைவர் பீடி பிடித்துக்கொண்டு இவளைத் திட்டிக்கொண்டிருப்பான்.

தோல் தொழில் நடக்கும் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. இன்ஸ்பெக்டர் வந்தால் பேக்டரியே கார் அனுப்பும், தங்குவதற்கு அவர்களுடைய கெஸ்ட் ஹவுஸைத் திறந்துவிடும், மத்தியானம் பிரியாணி வரவழைக்கும். இதற்கு லஞ்சம் என்று யாரும் பேர் வைக்கவில்லை, மரியாதை என்று சொல்லிக்கொள்வார்கள். எங்கள் ஆபீஸில் மற்ற எல்லோரும் அந்த மரியாதையில் நன்றாகச் சதை போட்டிருக்கிறார்கள். பூங்குழலி மட்டும் மாட்டேன் என்றாள். "அவன் மெத்தையில படுத்து எழுந்துட்டு, அவன் சரக்க எந்த மூஞ்சிய வெச்சிகிட்டு வேணாம்னு சொல்றது?" என்பாள். அதனால் ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சின்னதாக ஒரு லாட்ஜ், நம்பிக்கையாக ஒரு லாட்ஜ் என்று நான்தான் நாயாய்த் தேட வேண்டியிருந்தது.

எங்கள் மேலதிகாரிக்கு அவளைக் கண்டாலே பிடிக்காது. "பொம்பளைய அனுப்பினா ரூம் பிரச்சினை, பாத்ரூம் பிரச்சினை. இன்னொரு தடவை ரூம் இல்லைன்னு போன் வந்தா, அவளை இங்க டேபிள் வேலைக்குப் போட்டுடுவேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அந்த ஆள் சொன்னதைச் செய்கிறவர். நல்லதை மட்டும்தான் செய்ய மாட்டார்.

போன தை மாதம், ஆம்பூர் பக்கத்தில் ஒரு பேக்டரி. பெண்கள் குளிருக்குப் போடும் பூட்ஸ். நான் போனில் தேடி, நிறைய நட்சத்திரமும் நிறையப் பாராட்டும் வாங்கியிருந்த ஒரு லாட்ஜைப் பிடித்துக் கொடுத்தேன். 'குடும்பத்துடன் தங்க ஏற்ற இடம், ஊழியர்கள் அன்பானவர்கள்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். இந்தப் பாராட்டுகளை எழுதுகிறவர்கள் யார், அவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

காலையில் லாட்ஜில் பையை வைத்துவிட்டு அவள் பேக்டரிக்குப் போனாள். அங்கே மேனேஜர் பிரேம்நாத் வாசலுக்கே வந்து நின்றார். "இன்னா மேடம், நம்ம கெஸ்ட் ஹவுஸ் இருக்கும்போது வெளிய ரூம் போட்டிருக்கீங்களாமே?" என்றார். எந்த லாட்ஜ் என்று அவரே பேர் சொன்னார். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பெட்டிகளைப் பிரித்தாள். பூட்ஸின் அடியில் ஒட்டிய சோலைப் பிடித்து இழுத்தாள். கையோடு வந்தது. இன்னொரு பெட்டி, இன்னொரு ஜோடி. அதுவும் வந்தது. பசை காயும் முன் அவசரத்தில் அழுத்தி அனுப்பியிருக்கிறார்கள். எங்கோ ஒரு குளிர் ஊரில் ஒருத்தி காசு கொடுத்து வாங்கி, பனியில் நான்கு அடி நடப்பதற்குள் சோல் வாயைப் பிளந்துவிடும். பூங்குழலி முடியாது என்று சொல்லிவிட்டாள்.

பிரேம்நாத் கோபப்படவில்லை. "சரி மேடம். ராத்திரியெல்லாம் உக்காந்து சரி பண்ணி வெக்கிறோம். நாளைக்குக் காலைல வந்து திரும்பப் பாருங்க. நீங்க வர முடியலைன்னா உங்க ஆபீஸ்ல வேற யாரையாவது அனுப்பச் சொல்றேன், ஒண்ணும் பேஜார் இல்ல" என்றார். அந்த 'வர முடியலைன்னா'வின் அர்த்தம் லாட்ஜுக்குத் திரும்பிய பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. அவளுடைய பை கவுண்டருக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்தில் கிடந்தது.

"ரூமுக்கு பெயின்ட் அடிக்கிறோம்மா" என்றான் அன்பான ஊழியன்.

பெயின்ட் வாசனை எதுவும் இல்லை. பக்கத்து லாட்ஜில் கல்யாணப் பார்ட்டியாம். அதற்கடுத்ததில் தனியாக வரும் பெண்களுக்குக் கொடுப்பதில்லையாம். அந்த ஊர் லாட்ஜுகள் பேக்டரி விருந்தாளிகளை நம்பித்தான் ஓடுகின்றன. ஒரு போன் போதும். அவள் என்னைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினாள். நானும் திட்டினேன். "மேலதிகாரிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள் கடைசியில். அவள் என்னிடம் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான், அதுவும் கட்டளை போடுகிற தொனியில். அன்றைக்குப் படுக்க இடம் கிடைக்காமல் சென்னைக்குத் திரும்பினால், மறுநாள் அந்தப் பூட்ஸைப் பார்க்கப் போவது பிரியாணிக்காரர்களில் ஒருவன். சரக்கு போய்விடும். அதோடு அவளுடைய இன்ஸ்பெக்டர் வேலையும் போய்விடும்.

பஸ் ஸ்டாண்டில் நின்றவள் முன்னால் ஒரு பைக் வந்து நின்றது. அண்ணன் மதியழகன். அவனும் அதே பேக்டரியில்தான், பேக்கிங்கில் சூப்பர்வைசர். காலையில் அவள் பெட்டி பிரிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன். "வீடு இருக்கும்போது தெருவுல நிக்கிறியா? ஏறு" என்றான். அவளுக்கு மனசு இளகிவிட்டது. குடியாத்தம் வரை அண்ணன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, சின்ன வயசில் சைக்கிளில் போனதெல்லாம் நினைத்துக்கொண்டு போனாளாம். அறிவுகெட்டவள்.

அண்ணி அம்பிகா பஜ்ஜி போட்டிருந்தாள். அவசரத்துக்குப் போட்ட பஜ்ஜி மாதிரி தெரியவில்லை. இரண்டாவது பஜ்ஜியை எடுக்கும்போது அண்ணன் ஆரம்பித்தான்.

"குழலி, அந்த பூட்ஸ் லாட்ட பாஸ் பண்ணி விட்டுடு."

"சோலு பிச்சிகிட்டு வருதுண்ணா."

"எவ காலுலயோ பிச்சிகிட்டா உனக்கு இன்னா? பிரேம்நாத் சார் சொல்லிட்டாரு. சரக்கு நின்னா பேக்கிங்லதான் மொதல்ல ஆள கம்மி பண்ணுவாராம். என் தலதான் மொதல்ல உருளும்."

"அப்போ நீ என்ன கூப்ட வர்ல. அவரு அனுப்பி வந்திருக்க."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றான் மதியழகன். அம்பிகா நடுவில் புகுந்து, "கூடப் பொறந்தவன் வயித்துல அடிச்சி இன்னா இன்ஸ்பெக்டர் உத்தியோகம்?" என்றாள். பூங்குழலி கையில் இருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தாள், கையைத் துடைத்தாள், பையை எடுத்தாள். பேக்டரியின் கெஸ்ட் ஹவுஸ் இத்தனை தூரம் நீண்டு குடியாத்தம்வரை வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. வாசலில் யாரும் தடுக்கவில்லை. வேலூர் பஸ் உடனே கிடைத்தது.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சந்துகளில் லாட்ஜுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே பேரைக் கேட்கும் முன் கேட்கும் கேள்வியே வேறு. "பேஷண்ட் யாரு?" வங்காளத்திலிருந்தும் இன்னும் எங்கெங்கிருந்தோவும் வந்து மாதக்கணக்கில் வைத்தியம் பார்க்கிறவர்களால் அந்த லாட்ஜுகள் நிறைந்திருக்கும். பேஷண்ட் இல்லை, ஆபீஸ் வேலை என்று இவள் உண்மையைச் சொன்ன இரண்டு இடத்திலும் கதவைச் சாத்தாத குறைதான். விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. மூன்றாவது லாட்ஜின் கவுண்டரில் ஜியாவுதீன் என்று ஒரு பெரியவர், உலகத்தின் மேலேயே கடுப்பான முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

அவள் அடையாள அட்டைக்காகப் பையைத் திறந்தாள். நாள் முழுக்க இடிபட்ட ஜிப் பிளந்து, உள்ளே இருந்த பூட்ஸ் கவுண்டர்மேல் விழுந்தது. புத்தம் புதியது. ஒற்றைக் கால், வலது.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வாங்குகிறவன் ஒப்புதல் கொடுத்து அனுப்பும் சேம்பிள் எப்போதும் ஒரு காலுக்குத்தான் இருக்கும். ஜோடியாக அனுப்பினால் வழியில் எவனாவது மாட்டிக்கொண்டு போய்விடுவான். அதைப் பக்கத்தில் வைத்துத்தான் மற்றதைச் சரிபார்ப்பார்கள். ஜியாவுதீனுக்கு அதெல்லாம் தெரியாது. அவர் தினமும் பார்ப்பது சர்க்கரை நோயில் காலை எடுத்துவிட்டு வருகிறவர்களை. பூட்ஸைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நாள் முழுக்க அலைந்து வாடிய முகம். பெண்கள் போடுகிற பூட்ஸ்.

"அம்மாவா?" என்றார்.

பூங்குழலி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் பேசாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான். ஜியாவுதீன் அதற்கு மேல் கேட்கவில்லை, மாடியில் ஒரு அறையின் சாவியை எடுத்துக் கொடுத்தார். "பக்கெட்டு உள்ள இருக்கு. தண்ணிய ஜாஸ்தி கொட்டாத" என்று மட்டும் எரிந்து விழுந்தார். கட்டில் ஆடியது, சுவரில் ஈரம். அவள் எனக்குப் போன் செய்து, ரூம் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்த ரூமைப் பற்றி அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது.

மறுநாள் காலை பேக்டரி வாசலில் அவளைப் பார்த்த பிரேம்நாத்தின் முகம் செத்துப்போனது. வணக்கம்கூடச் சொல்லாமல், "எங்க மேடம் தங்கியிருந்தீங்க?" என்றார்.

"வேலூர்ல."

"வேலூர்ல எங்க?"

"சோலப் பாக்கலாமா?" என்றாள்.

சரி பண்ணி வைத்ததாகச் சொன்ன சரக்கில், மேலே அடுக்கியிருந்த பெட்டிகள் மட்டும் சரியாக இருந்தன. அடியிலிருந்து எடுத்தவை முன்போலவே கையோடு வந்தன. 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மதியழகன் அந்தப் பக்கம் நின்று அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான், அது ஏற்கெனவே ஒட்டிய பெட்டி. அவள் அவனைத் தாண்டித்தான் வெளியே வந்தாள்.

சாயங்காலம் பையை எடுக்க லாட்ஜுக்குப் போனாள். மாடிப்படியில் ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு மனிதர், முழங்காலுக்குக் கீழே கட்டு, கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. பூங்குழலிக்கு அங்கேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. அவ்வளவு வெட்கம். மாடிக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு நேராகக் கவுண்டருக்கு வந்தாள்.

"பாய், எங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. அது ஷூ சேம்பிள்."

"தெரியும்" என்றார் ஜியாவுதீன், தலையைத் தூக்காமல். "நேத்தே தெரிஞ்சி போச்சி. காலி பண்ணு. இவங்களுக்கு ரூம் வேணும்."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீ மேல போன கொஞ்ச நேரத்துல ஒருத்தன் போன் பண்ணான். ஷூ இன்ஸ்பெக்டர் ஒரு பொம்பள உங்ககிட்ட தங்கியிருக்காளான்னு. அப்பதான் அந்த ஒத்தக் கால் பூட்ஸ் மண்டையில ஏறிச்சி. எல்லா லாட்ஜுக்கும் போட்டுகிட்டு வர்றான் போல. அப்படி யாரும் இல்லன்னு வெச்சிட்டேன்."

"ஏன் பாய் அப்டி சொன்னீங்க?"

ஜியாவுதீனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எவன் கேட்டாலும் யாரு உள்ள இருக்கான்னு சொல்றதுக்கா லாட்ஜ் வெச்சிருக்கேன்? அதுவும் அவன் பெரிய பிராடு. அண்ணன்னு சொல்லிகிட்டான். தங்கச்சி கோச்சிகிட்டு போயிட்டா, தேடறேன்னான். நெஜமான அண்ணன் இன்னா கேப்பான்? பத்திரமா இருக்காளா, சாப்ட்டாளான்னு கேப்பான். இவன் எத்தினி நாளைக்கு ரூம் போட்டிருக்கான்னு கேக்கறான். டூப்பு அண்ணன்."

பூங்குழலி சாவியைக் கவுண்டர்மேல் வைத்தாள்.

"டூப்பு இல்ல பாய்" என்றாள். "அது என் கூடப் பொறந்த அண்ணன்தான்."

ஜியாவுதீன் அன்றைக்கு முதல் தடவையாகத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துப் படியில் இருந்த குடும்பத்தைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"அடுத்த தடவ எப்போ வர்ற?" என்றார்.