உள்பக்கம் வைத்த கொண்டி

ஈரம் காயாத வேம்பை இழைக்கும்போது வருகிற வாசனை மூக்கில் படுவதற்கு முன்னால் நாக்கில் படும்; வாயில் எதையும் போடாமலே எச்சில் கசக்கும். நான் ஏழாவது முடித்திருந்த அந்தக் கோடை விடுமுறை முழுக்க எங்கள் வீட்டில் சோறும் கசந்தது, குடத்துத் தண்ணீரும் கசந்தது. ஆசாரி வீடு கிடையாது எங்களுடையது. அப்பா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆணி அடிக்கச் சொன்னால் சுவரில் ஓட்டையும் விரலில் காயமும்தான் மிஞ்சும். அப்படிப்பட்ட வீட்டில் நாங்கள் நாலு பேரும் மரவேலை கற்றுக்கொண்டது ஆசைக்காக அல்ல, பயத்துக்காக.

அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்திருக்கிறாள். பதினைந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்பிள்ளையை மறந்துவிட முடியாது. கன்னியாக வீட்டில் வைத்துக் கும்பிடவேண்டும். ஓலைப்பெட்டிக்குள் பாவாடை தாவணி, கண்ணாடி வளையல், ரிப்பன், பவுடர் டப்பா எல்லாம் வைத்து மூடி, நடுவீட்டு உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தோம். வருஷத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியை இறக்கி, புதுத்துணி மாற்றிப் பொங்கலிட்டு, பழைய துணியை வீட்டுப் பெண்பிள்ளைக்கு உடுத்தக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் அதை உடுத்தியவள் என் அக்கா. செத்துப்போனவளை நானும் அக்காவும் "பெட்டியத்தை" என்று சொல்லிக்கொள்வோம்.

பெட்டியத்தையின் பேர் சீனித்தாய். மூத்த பிள்ளைக்கு அந்தப் பேரைத்தான் வைக்கவேண்டும் என்று அக்காவுக்கும் அதையே வைத்தார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில்தான் அவள் சீனித்தாய். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் "பாப்பா". ஏன் என்று ஒருநாள் கேட்டதற்கு அம்மா குரலைத் தாழ்த்தி, "அந்தப் பேரச் சொல்லி இங்கன கூப்பிட்டா ரெண்டு பேருல்லா திரும்புவாக" என்றாள். அதற்குப் பிறகு உத்திரத்தை நிமிர்ந்து பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அக்கா பத்தாவது பரீட்சை எழுதி முடித்த கையோடு அது நடந்தது. உச்சிவெயிலில் அவள் நடுவீட்டில் தலையணை போட்டுப் படுத்திருந்தாள். உத்திரத்தில் கரையான் ஏறியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கயிறு கட்டியிருந்த இடம் மாவாக உதிர்ந்து, பெட்டி நேராக அவள் தலைமாட்டில் வந்து விழுந்தது. வளையல் ஒன்றுகூட உடையவில்லை. அக்கா பதறவும் இல்லை. எழுந்து உட்கார்ந்து, யாரோ எழுப்பிவிட்டதுபோல, "ம்... வாரேன்" என்றாள்.

அக்காவுக்கும் அப்போது பதினைந்து. பெட்டியத்தை தன் வயசு வந்த பிள்ளையைத் துணைக்குக் கூப்பிடுகிறாளோ என்று அம்மா அன்றைக்கே செண்பகவல்லி அம்மன் சந்நிதியில் போய் அழுதாள். அப்பா தன் அக்காவுக்குத் தாக்கல் சொல்லி அனுப்பினார். குளத்தூர் அத்தை என்று நாங்கள் கூப்பிடும் அவள், அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டாள்.

"ஏலே, எத்தன வருசமா அவ அந்தரத்துலயே தொங்குதா. கால் ஊணி நிக்க அவளுக்குன்னு ஒரு எடம் செஞ்சு குடு. ஒரு அலமாரி செய்யி. ஆனா ஆசாரி கை படக்கூடாது, சொல்லிட்டேன். கன்னிக்குச் செய்யுதத வீட்டாளுக கையாலதான் செய்யணும்."

"எனக்கு ஸ்டியரிங் புடிக்கத் தெரியும். உளி புடிக்கத் தெரியுமாக்கா?"

"கூடப் பொறந்தவளுக்குன்னா எல்லாம் தெரியும்லே."

எப்போதும்வென்றான் ஊரில் எங்கள் புஞ்சைக் காட்டோரம் மழைக்குச் சாய்ந்து கிடந்த வேம்பை அப்பா மரமில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்து வந்தார். "மில்லுல வேற ஆளு கை படலியா?" என்று அம்மா கேட்டதற்கு, "அங்கன அறுத்தது மிஷினு. மிஷினுக்கு ஏது கை?" என்று சொல்லிவிட்டார். தொழில் கற்க அவர் கண்டுபிடித்த வழியும் அதே மாதிரிதான். ஆசாரிப் பட்டறைக்கு எதிர்த்த டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டு, டீக்கு மேல் டீயாகக் குடித்து, இழைப்புளியை எப்படிப் பிடிக்கிறார்கள், பலகையின் முனையைக் மெலிதாகச் செதுக்கி இன்னொரு பலகையின் துளையில் எப்படி இறக்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு, மறந்துபோவதற்குள் வீட்டுக்கு ஓடிவருவார். அவர் சொல்ல நாங்கள் செய்வோம். முதலில் செய்த சட்டத்தை நிமிர்த்தி நிறுத்தியதும் அது தானாக ஒருபக்கம் சாய்ந்தது.

"நல்லாருக்கு. உங்க தங்கச்சிக்கு அலமாரி கேட்டா நொண்டிக் கழுதையச் செஞ்சு வச்சிருக்கிய" என்றாள் அம்மா. வெகுநாளைக்குப் பிறகு எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து அப்பாவின் கையிலிருந்த இழைப்புளியை வாங்கினாள்.

அவள் இழைக்க ஆரம்பித்ததை எப்படிச் சொல்வது? நாங்கள் இழைத்தால் மரம் பொடிப்பொடியாகச் சிராய்த்துக்கொண்டு வரும். அவள் தள்ளினால் ஒரே சுருளாக, பூத்தொடுத்த மாதிரி நீளமாக வந்து தரையில் விழுந்தது. அப்பா வாயைத் திறந்தபடி நின்றார். அன்றிலிருந்து வேலை அக்கா கைக்குப் போய்விட்டது. நான் அவளுக்குக் கையாள். "அழுத்தாதட்டி. மரம் போற போக்குல போ" என்பாள். "ஸ்குருவுல சோப்பத் தடவு, அழாம எறங்கும்" என்பாள். கதவுக்குக் கீல் வைக்கும்போது முதலில் நடு ஸ்குருவை மட்டும் முறுக்கி, கதவை ஆட்டிப் பார்த்துவிட்டு மற்றதைப் போடச் சொல்லித் தந்ததும் அவள்தான். இன்றைக்கு என் வீட்டில் அலமாரிக் கதவு, ஜன்னல் கொக்கி, குழாய் வாஷர் எதற்கும் நான் ஆள் தேடுவதில்லை என்றால் அந்தக் கோடையில் அவளிடம் படித்த படிப்புத்தான்.

"இதெல்லாம் உனக்கு யாரு பாப்பா சொல்லித் தந்தா?" என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

"சொன்னாங்க" என்றாள். யார் என்று கேட்க நினைத்தவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

மத்தியானம் நாங்கள் கண்ணயர்ந்த நேரத்திலும் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் நிற்காது. ஊடே அவள் மெல்லப் பேசுவதும் கேட்கும். ஒரு வரி பேசுவாள், பிறகு ஒருவர் பதில் சொல்லி முடிக்கிற அளவுக்கு நிறுத்துவாள், பிறகு அடுத்த வரி. எனக்கு அவள் பேசியது பயமாக இல்லை. அந்த இடைவெளிதான் பயமாக இருந்தது.

ஒரு முழம் உயரமுள்ள ஓலைப்பெட்டிக்கு அலமாரி. ஆனால் அது வளர வளர அப்பாவின் தோளுக்கு வந்துவிட்டது.

"ஏட்டி, பெட்டி வைக்கத்தானே? இதுல ஒரு ஆளு நிக்கலாம் போலிருக்கே."

"எவ்வளவு நேரந்தாம்ப்பா ஒடுங்கியே இருப்பா? அவளுக்குக் கால் வலிக்காதா?"

கதவைத் தாழ்போடும் கொண்டியை வைக்கிற அன்று அவள் அதைக் கதவின் உள்பக்கம் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தாள். நான்தான் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா கேட்டதற்கு அக்கா தலை நிமிராமலே, "வெளிய வச்சா அவள நாம அடச்சு வச்ச மாதிரில்லா இருக்கும். உள்ள இருந்தா அவளே பூட்டிக்கிடுவா, அவளே தெறந்துக்கிடுவா" என்றாள். அம்மா அப்பாவைத் தனியே அழைத்துப்போய், "இந்த வேலய இதோட நிப்பாட்டிருவோம், எனக்கு எம் பிள்ள போதும்" என்று அழுதாள். கன்னிக்கென்று தொடங்கியதைப் பாதியில் விட்டால் இன்னும் பொல்லாப்பு என்று அப்பா பயந்தார். அக்கா அப்போது சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. அந்த வருஷம் பெட்டியிலிருந்து எடுத்த பழைய தாவணியை மாற்றவும் மாட்டேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை குறித்தோம். குளத்தூர் அத்தை வந்து மஞ்சள் தடவி, பூச்சுற்றி, பெட்டியை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். பொங்கலும் பணியாரமும் படைத்துக் கும்பிட்டோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அம்மா மூச்சு விட்டாள். சாயங்காலம் விளக்கேற்றப் போகும்போது பார்த்தால் அக்காவைக் காணோம்.

மச்சில் இல்லை. பக்கத்து வீட்டில் இல்லை. அப்பா கிணற்றில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். நான் நடுவீட்டுக்குள் வந்தபோது ஓலைப்பெட்டி தரையில் இருந்தது. அலமாரி சாத்தியிருந்தது. கதவைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. உள்ளே கொண்டி போட்டிருந்தது.

அப்பா ஓடிவந்து இழுத்துப் பார்த்துவிட்டு உளியை எடுத்தார். குளத்தூர் அத்தை அவர் கையைப் பிடித்தாள். "இரும்பு வைக்காதலே. வாயால கூப்பிடு."

"பாப்பா... பாப்பா..." என்று அப்பா தட்டினார். சத்தமே இல்லை. காற்றுப் புகக்கூட இடைவெளி இல்லாமல் இழைத்து இழைத்து அவள் பொருத்திய கதவு. பெட்டியத்தைக்கு இடம் செய்யப் போய் எங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பெட்டி செய்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் அம்மா, பெட்டியத்தை போனபிறகு அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கூப்பிடாத பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"சீனித்தாயி!"

உள்ளேயிருந்து உடனே குரல் வந்தது. தூங்கி எழுந்த குரல் அல்ல. பக்கத்தில் நின்று காத்துக்கொண்டிருந்தவர்களின் குரல்.

"எந்தச் சீனித்தாயக் கூப்பிடுதீங்க?"

அப்பா சுவரோடு சாய்ந்துவிட்டார். அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். அம்மா முகத்தில் வேர்வை ஓடுகிறதா கண்ணீர் ஓடுகிறதா என்று தெரியவில்லை. 'நான் பெத்த சீனித்தாயி' என்று அவள் சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னது வேறு.

"வாரவ வரட்டும். எவ வந்தாலும் எம் மகதான். வெளிய வா, தாயி."

கொண்டி விலகிற்று. அக்கா வெளியே வந்தாள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்து, "பசிக்கிம்மா" என்றாள். பணியாரத்தை அள்ளி அள்ளித் தின்றாள். அம்மா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். மறுநாளே அப்பா அலமாரிக் கதவைக் கழற்றி எடுத்துவிட்டு ஒரு திரைத்துணியைக் கட்டினார். "கரிசல் மண்ணு வீடு. மண்ணு அசைஞ்சா தரையும் அசையும், கதவு இறுகத்தான் செய்யும். பிள்ள விளையாட்டா உள்ள போயிட்டு மாட்டிக்கிட்டா" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். அந்தக் குரலைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை. அதைக் கேட்டது அத்தையோடு சேர்த்து நாங்கள் நாலு பேர்தான்.

அக்கா நன்றாக இருக்கிறாள். கடம்பூரில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகள் பெற்று, இப்போது பேரன் எடுத்துவிட்டாள். அன்றைக்கு மேல் வீட்டிலும் அவள் சீனித்தாய்தான். "பாப்பா" என்று கூப்பிட்டால் திரும்புவதே இல்லை, கொஞ்ச நாளில் நாங்களும் விட்டுவிட்டோம். இழைப்புளியை அவள் அதற்குப் பிறகு தொட்டதே இல்லை. அப்பா போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். சுவரெல்லாம் பிளந்து அந்த வீட்டை இடித்தாயிற்று. அலமாரி என் வீட்டுப் பூஜையறையில் கதவில்லாமல் நிற்கிறது. கரையான் தொடவில்லை. வருஷத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை நான்தான் பாவாடை தாவணி எடுத்து வைக்கிறேன். கும்பிடும்போது நான் எந்தப் பேரும் சொல்வதில்லை. 'தாயே' என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

போன மாதம் அக்கா வந்திருந்தாள். அடுப்படியில் கீல் தொங்கிப்போன ஒரு கதவை நான் மாட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பிடித்துக்கொள் என்று ஸ்குரு டிரைவரை அவள் கையில் கொடுத்தேன். அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கதவைத் தாங்கிப் பிடிக்கவும் தெரியவில்லை. நான் ஸ்குருவில் சோப்பைத் தடவி, நடுவில் உள்ளதை முதலில் முறுக்கி, கதவை ஆட்டிப் பார்த்ததை அவள் சின்னப்பிள்ளை மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல வேலக்காரியா இருக்கியேட்டி. இதெல்லாம் உனக்கு யாரு சொல்லித் தந்தா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அம்மன் சத்தியமாக, உள்ளபடியே கேட்டாள்.

"எங்க அக்கா" என்றேன்.

"ஆங்..." என்றாள். பிறகு என் தலையில் ஒட்டியிருந்த மரத்தூளை அம்மா தட்டுவதுபோலவே மெதுவாகத் தட்டிவிட்டு, "நல்ல பிள்ளயா இருந்திருக்கா" என்றாள்.