என் படையை யார் ஆடியது?

அண்ணன், அவன் கூட்டாளி செல்வம், கடைசியாக நான். சின்ன வயதில் ஒரு கோடை லீவு, சித்தப்பாவின் காலண்டர் அச்சகத்தில், மை வாடைக்குள், ஒரே கம்ப்யூட்டர் முன்னால் இருப்போம். அதில் ஒரு போர் ஆட்டம்; ஆளுக்கொரு படை, முறை வைத்துச் சண்டை. என் முறை வந்தால் அண்ணன், "பொத்தான அமுக்கு புள்ள, உன் ஆளுக நகருதாக பாரு" என்பான். அமுக்குவேன். ஒரு தடவை ஜெயித்தேன், தெருவெல்லாம் சொன்னேன்.

நேற்று மகன் அதே ஆட்டத்தை இறக்கினான். வாள் சத்தம் கேட்டதும் இந்தக் கதையைச் சொன்னேன். "ஆள் இல்லாத படைய கம்ப்யூட்டர்ட்ட விட்டா, அதுவே ஆடிரும்மா" என்றான்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "என் படைய யாருண்ணே ஆடுனது?"

சிரித்தான். "நீ ஆடுனா லேட்டாகும்ல. கம்ப்யூட்டர்ட்ட விட்டுட்டோம்."

யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடுங்கள் என்று, செய்தவர்கள் உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்த ஆட்டம். எனக்குத் தரவில்லை. அந்தக் கோடை லீவு முழுக்க வெறும் பொத்தானை அமுக்கியிருக்கிறேன். நாற்பது நாள்.